சங்கரன் நோட்டின் ஏழாவது வரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களில் நாலைந்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் முதல் மூன்றிலும் நான்தான் கெட்டிக்காரனாக வந்து நிற்கிறேன். எனக்கே பொறுக்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். மிச்சம் இரண்டு. அதில் முதலாவது சின்னது. அது இல்லாமல் இரண்டாவது புரியாது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் ஆறுமுகம். திருநெல்வேலியில் ஒரு தனியார் இணையச் சேவை நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் நெட்வொர்க் பார்த்தேன். பாபநாசம் தொடங்கி ஆழ்வார்திருநகரி வரை ஆற்றங்கரை ஊர்கள், தெற்கே ராதாபுரம், மலைக்கு மேலே மாஞ்சோலை, இவ்வளவும் எங்கள் கையில். கையில் என்று சொன்னாலும், எது எப்போது அறுந்து விழும் என்று யாருக்கும் தெரியாது.

சேர்ந்த இரண்டாவது மாதம் ராதாபுரம் இணைப்பு விழுந்தது. எந்த ஊருக்கு எந்தப் பாதை என்று பார்த்துத் தகவலைப் பிரித்தனுப்புகிற பெட்டி ரவுட்டர். அது தனக்கு நடந்ததையெல்லாம் நேரம் போட்டு வரிவரியாக எழுதி வைத்துக்கொள்ளும், அதற்கு லாக் என்று பெயர். நான் லாக்கைத் திறந்தேன். கம்பிக்குப் பதிலாகக் கோபுரத்தில் வைக்கும் ரேடியோ பழுது என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான், புது ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சித்திரை மாத வெயில். பனைமரத்தைத் தவிர நிழல் கிடையாது, பனைமர நிழலில் ஒரு ஆள்கூட ஒதுங்க முடியாது. கோபுரத்தில் ஏறி ரேடியோவை மாற்றியும் இணைப்பு வரவில்லை. பார்த்தால் கீழே அறையில் எவனோ மிக்ஸிக்காக ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறான். நான் பார்த்த வரி போன மாதத்து வரி.

திரும்பி வந்தபோது எனக்கு மேலே இருந்தவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

“ஏலே, போன மாசத்துக் காய்ச்சலுக்கு இன்னைக்கு ஊசி போட்டுட்டு வாரியா? இனிமே எந்தப் பொட்டி முன்னால உக்காந்தாலும் மொதல்ல தொட. தொடச்சிட்டுப் பெறகு பாரு. புதுசா என்ன வரி விழுதோ அதான் இன்னைக்கு உள்ள சீக்கு. வெளங்குதா?”

விளங்கியது. அன்றிலிருந்து ரவுட்டர் முன்னால் உட்கார்ந்ததும் என் விரல்கள் முதலில் அடிப்பது லாக்கைத் துடைக்கும் கட்டளையைத்தான். வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். உங்களிலும் சிலருக்கு அந்தப் பழக்கம் இருக்கும். அது என்னிடமிருந்து வந்ததுதான்.

இனி இரண்டாவது.

சங்கரலிங்கம் நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவன். எங்களுக்கு அவன் சங்கரன். இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் எதையும் படபடவென்று செய்வேன், அவன் பையத்தான் செய்வான். நான் துடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், “தொடைக்க முந்தி ஒரு நகல் எடுத்து வைய்யேம்லே, கையா தேஞ்சிரும்?” என்பான். “ஒனக்குப் பழங்குப்பையச் சேத்து வைக்கணும்,” என்பேன் நான். எல்லா ரவுட்டரின் லாக்கும் தானாகவே வேறொரு கணினியில் போய் விழுகிற ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்று வருடா வருடம் எழுதிக் கொடுப்பான். வருடா வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சங்கரன் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பாதைகளை மாற்றியமைத்தான். முறையாக எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கித்தான் செய்தான். மறுநாள் காலை பத்தேகாலுக்கு ஆற்றங்கரை முழுவதும் இணையம் நின்றுபோனது. அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, தலையில் அடிபட்ட ஒருவரின் ஸ்கேன் படத்தைத் திருநெல்வேலி டாக்டருக்கு அனுப்ப முடியாமல் போன் மேல் போன் போடுகிறது. சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நிற்கிறது. சங்கரன் சேரன்மகாதேவி கோபுரத்தில் இருந்தான். அலுவலகத்தில் நான் மட்டும்.

தலைமை ரவுட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அதற்கு உயிர் இருந்தது. கட்டளை அடித்தால் பதில் சொன்னது, ஆனால் பாதை ஒன்றுகூட அதற்குத் தெரியவில்லை. நான் துடைத்தேன். புதுவரி ஏதும் விழவில்லை. பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் எல்லா ஊரும் எழுந்துவிட்டது. ஸ்கேனும் போய்ச் சேர்ந்தது. மேலாளர் என் முதுகில் தட்டினார். சேரன்மகாதேவியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற சங்கரன் கேட்ட முதல் கேள்வி, “லாக்ல என்னடே இருந்துச்சு?” என்பது. நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர்.

“ஆறுமுகம், லாக்ல ஏதாவது இருந்ததா?”

“லாக் காலியா இருந்துச்சு சார்,” என்றேன்.

கவனித்தீர்களா, அதில் பொய் எங்கே என்று யாரும் விரல் வைக்க முடியாது. நான் பார்த்தபோது லாக் காலியாகத்தான் இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் காலியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ‘துடைத்தது நான்தான்’ என்று அடுத்த வாக்கியம் தொண்டைக்குழி வரை வந்தது. முதுகில் தட்டி மூன்று நாள்தானே ஆகியிருந்தது, அந்தத் தட்டலை விட மனமில்லை. தேவைப்பட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சங்கரன் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

இயந்திரத்தில் பழுது இருந்தால் லாக்கில் எழுதியிருக்கும், லாக்கோ காலி, ஆக மனிதத் தவறு, முந்தைய நாள் கை வைத்தது சங்கரலிங்கம். இவ்வளவுதான் விசாரணை. ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவனும் எழுதிக் கொடுத்தான். வழியனுப்பு விழா கிடையாது, மாலை கிடையாது. மேசையைக் காலி செய்து ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். காய்கறி வாங்கப் போன இடத்தில் அவன் மனைவியிடம், “ஒங்க வீட்டுக்காரர்தான் ஊர் நெட்டையெல்லாம் அறுத்து விட்டாராமே?” என்று ஒருத்தி சிரித்திருக்கிறாள். அதன் பிறகு அவர் அந்தச் சந்தைக்கே போவதில்லை.

கொஞ்ச நாளில் மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டத்தை மூடிவிட, ஜனங்கள் கீழே இறங்கினார்கள். அங்கே ஆளில்லை என்பதால் அந்த ரேடியோ இணைப்பையும் எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு தலைமை ரவுட்டர் ஒருநாளும் படுக்கவில்லை. “பாத்தீங்களா, சங்கரன் போனாரு, தொந்தரவும் போச்சு,” என்று அலுவலகத்தில் பேசினார்கள். நானும் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சங்கரன் பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் ஒரு லேப் வைத்தான். லேப் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பழைய கணினி ஒன்று, சூடு தாங்காது என்று பக்கத்து மூடியைக் கழற்றி, எதிரே ஒரு மேசை விசிறி. கொடியில் துவைத்த துணி தொங்கும். அந்தக் கணினிக்குள் எங்கள் ரவுட்டர்கள் அத்தனையும் ஓடின. இது உங்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாத யாராவது படித்தால் தெரியட்டும்: ரவுட்டரின் மென்பொருளை மட்டும் ஒரு கோப்பாக, பெட்டி இல்லாமல், சாதாரணக் கணினிக்குள் ஓட விடலாம். அந்தக் கோப்பை இமேஜ் என்போம், அது ஓடினால் வர்ச்சுவல் ரவுட்டர். பயிற்சிக்காகத் தயாரிப்பாளரே கொடுக்கிறார்கள். வேகம் குறைவு, புத்தி அதே புத்தி. சங்கரன் தேடிப் பிடித்தது, அன்றைக்குப் படுத்த ரவுட்டரில் இருந்த அதே பதிப்பு.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். போகாமல் இருக்க முடியவில்லை, போனால் உட்கார முடியவில்லை.

“அன்னைக்குக் காலைய அப்படியே திரும்ப வரவைக்கேன்டே,” என்பான். “எம் மேல தப்புன்னா அதையும் பாத்துருவோம்.”

“விடுவே, முடிஞ்சதப் போட்டு நோண்டிக்கிட்டு.”

“ஒனக்கு முடிஞ்சிட்டு,” என்பான். மறுபடி திரைப்பக்கம் திரும்பிவிடுவான்.

எத்தனையோ மாதம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் அவனுக்கு, அந்த ராத்திரி மாஞ்சோலையில் மேகம் இறங்கியிருந்தது ஞாபகம் வந்தது. மேகம் இறங்கினால் அந்த ரேடியோ இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டும், எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன தொல்லை. லேபில் மேகத்துக்கு எங்கே போவது? இணைப்பை நாலைந்து நொடிக்கு ஒருதரம் அறுத்து ஒட்டுகிற சின்ன நிரல் ஒன்றை எழுதி, அதற்கு ‘மேகம்’ என்றே பெயர் வைத்தான். “மேகத்த அவுத்து விட்டுருக்கேன், பாப்போம்,” என்று சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது அவன் நெடுநாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு.

இடையில் எனக்கு ஓய்வு வந்தது. மாலை, பொன்னாடை, முறுக்கு, காபி, எல்லாம் முறைப்படி. சங்கரன் வந்திருந்தான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். பொன்னாடை கழுத்தை அறுத்தது. அன்றைக்காவது மைக்கில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அவனிடமிருந்து போன்.

“ஏலே ஆறுமுகம், மாட்டிக்கிட்டுடே! அப்படியே அன்னைக்கு நின்ன மாதிரியே நிக்கி. லாக்ல நெறைய விழுந்துருக்கு. நீ வந்து பாரு.”

“ஞாயித்துக்கெழம வாரேன்வே.”

“இன்னைக்கே வாயேம்லே. அன்னைக்கு அது முன்னால உக்காந்தது நீதான. நீ பாத்துச் சொன்னாத்தான் ஆபீஸ்ல நம்புவான். அப்படியே விட்டுருக்கேன், ஒண்ணயும் தொடல.”

“வேலை கெடக்குவே.”

ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை கெட்டுப்போச்சு? ஈஸிசேரில் உட்கார்ந்து இருந்தேன். சனிக்கிழமை காலை மார்பு வலிக்கிறது என்றானாம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது சங்கரன் இல்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் அவன் மனைவி கோமதி கூப்பிட்டார். நான் மதினி என்று அழைப்பேன். முற்பகல் பதினொரு மணி இருக்கும், நான் போனபோது கீழே ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. மதினி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“கரண்டு இல்ல அண்ணாச்சி. இன்வெர்ட்டர் மேல இருக்க மெசினுக்கு மட்டுந்தான். கீழ எதயாச்சும் போட்டா நின்னு போயிருமோன்னு பயந்து, இந்தப் பதினெட்டு நாளா கரண்டு போகும்போதெல்லாம் இப்படித்தான். காரியம் செய்ய வந்த அய்யரு வேத்து ஊத்திட்டாரு.”

“என்னத்துக்கு மதினி இவ்வளவும்?”

“‘ஆறுமுகம் வந்து பாப்பான், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது’ன்னு சொன்னாக. அது எங்கிட்டச் சொன்ன கடைசி வேலை அண்ணாச்சி. அதுல ஏதோ இருக்குன்னாக. எனக்கு அதெல்லாம் வெளங்காது. அவுக தப்பு செய்யலன்னு அதுல எழுதியிருக்கா இல்லையா, அத மட்டும் நீங்க பாத்துச் சொல்லிருங்க. நான் சந்தைக்குப் போயி ரெண்டு வருசமாச்சு.”

மாடியறையில் விசிறி கணினியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் சங்கரன் வேட்டி அப்படியே கிடந்தது, எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. மதினி எனக்கொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுப் பின்னால் நின்றார். திரையில் தலைமை ரவுட்டரின் ஜன்னல் திறந்தே இருந்தது. அவன் கடைசியாக அடித்த கட்டளைக்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கி எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையில் கை வைத்தேன்.

துடைத்தேன்.

நான் நினைத்துச் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடம் விரல் செய்ததை விரல் செய்தது. தட்டி முடித்த பிறகுதான் என்ன தட்டினேன் என்று கண் படித்தது. லாக்கைக் காட்டும் கட்டளையை அடித்தேன். ஒரு வரி இல்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் ஒரு வரி இல்லை. அந்த மாதிரி வர்ச்சுவல் ரவுட்டரின் லாக் நினைவகத்தில் மட்டுமே நிற்கும், துடைத்தால் போனதுதான். ஒரு பெண்பிள்ளை பதினெட்டு நாள் வேர்வையில் உட்கார்ந்து காப்பாற்றி வைத்ததை நான் பத்து நொடியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன்.

“இருக்கா அண்ணாச்சி?” என்று மதினி பின்னாலிருந்து கேட்டார்.

“லாக் காலியா இருக்கு மதினி,” என்றேன்.

அதே வாய், அதே சொல். சங்கரன் செத்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

மதினி, “நோட்டு ஒண்ணு வச்சு எழுதிக்கிட்டு இருப்பாக, அதுல பாக்கேளா?” என்று அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டை எடுத்துத் தந்தார். கடைசிப் பக்கத்தில், அன்றைய காலையை லேபில் திரும்ப வரவழைப்பது எப்படி என்று வரிசை எண் போட்டு எழுதியிருந்தான். மதினிக்கும் தெரியட்டும் என்று நான் சத்தமாகப் படித்தேன். ஒன்று, அந்தப் பதிப்பு இமேஜை ஏற்றவும். இரண்டு, முந்தைய சாயங்காலம் நான் செய்த மாற்றத்தைச் செய்யவும். மூன்று, மாற்றத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொள்ளவும். நான்கு, மேகத்தை ஓட விடவும். ஐந்து, சுமார் பதினான்கு மணி நேரம் காத்திருக்கவும். ஆறு, ரவுட்டருக்கு உயிர் இருக்கும், பாதைகள் இராது. லாக்கில் நினைவகம் தீர்ந்ததாக வரிகள் இருக்கும்.

அதோடு நிறுத்திவிட்டேன்.

“ஏன் நின்னுட்டிய?” என்று நோட்டை வாங்கி மதினியே படித்தார். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அல்ல, எட்டாம் வகுப்பு வரை போனவர். தெளிவாகவே படித்தார்.

“ஏழு. ஆறுமுகம் வருவான். வந்ததும் லாக்கைத் துடைப்பான். கேட்டால், காலியாக இருந்தது என்பான்.”

நோட்டை மூடாமல் என் பக்கம் திருப்பினார்.

“இது அன்னைக்குள்ளதா, இன்னைக்குள்ளதா அண்ணாச்சி?”

சொன்னேன். அன்றைக்குத் துடைத்ததைச் சொன்னேன், விசாரணையில் சொன்ன வார்த்தையைச் சொன்னேன், இப்போது துடைத்ததைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியாமல் எழுந்து நின்று சொன்னேன். அழுதேன். அழுதது எனக்காகவா அவனுக்காகவா என்று இன்றுவரை தெரியாது.

மதினி அழவில்லை. “அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார். “ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு நான் காப்பி போட்டுக் குடுத்தேன். ஒங்களப் பத்தி ஒத்த வார்த்தை எங்கிட்டச் சொல்லல. நீங்களா சொல்லுவியன்னு இருந்துருக்காக.”

உங்களுக்கும் யாராவது இப்படிக் காத்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் போய்ச் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு வியாழக்கிழமை கொடுத்தான். நான் அதையும் ஈஸிசேரில் கழித்தேன்.

“இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா?” என்றார்.

முடியும், நோட்டு இருக்கிறதே. அதில் உள்ளபடி முதலிலிருந்து ஓடவிட்டால் திரும்ப வரும், வர வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்க ஒன்று முதல் நான்கு வரை செய்தேன். மேகத்தை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வராமல் போனால் அவன் எழுதியதை யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயம் வழியெல்லாம் கூடவே வந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போனேன். காபி வரவில்லை. மதினி எனக்கு முன்னால் மாடிக்கு ஏறினார். ரவுட்டருக்கு உயிர் இருந்தது, பாதை ஒன்றுகூட இல்லை. மாட்டிக்கொண்டது. நான் நாற்காலியை இழுத்தேன்.

“கைய எடுங்க அண்ணாச்சி,” என்றார் மதினி.

எடுத்தேன்.

“எத அடிக்கணும்னு வாயால சொல்லுங்க. நான் அடிக்கேன்.”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஆங்கில எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தார். திரை நிறைய வரிகள் இறங்கின. நினைவகம் தீர்ந்தது, நினைவகம் தீர்ந்தது, நினைவகம் தீர்ந்தது என்று மணிக்கணக்கில் எழுதி வைத்திருந்தது. முதல் வரிக்கும் சங்கரன் செய்த மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை, மாஞ்சோலை இணைப்பு ஒவ்வொருதரம் அறுந்து ஒட்டும்போதும் அந்தப் பதிப்பு கொஞ்சம் நினைவகத்தை விழுங்கிவிட்டுத் திருப்பித் தரவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மதினி கேட்டார். “அவன் தப்பு செய்யலன்னு எழுதியிருக்கு மதினி,” என்றேன். தன் போனை எடுத்து, வரிவரியாக நகர்த்தி, எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் என்னை உட்காரவிட்டார். நான் நகல் எடுத்தேன், இரண்டு இடத்தில் வைத்தேன். முடிந்ததும் கணினியை முறைப்படி நிறுத்தினேன். மதினி விசிறியை அணைத்தார். அணைத்துவிட்டு அதன் தலையில் கை வைத்தபடி அப்படியே நின்றார். அப்போதுதான் அழுதார். நான் கீழே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றேன்.

லாக், நோட்டின் ஏழு வரிகள், அவற்றோடு என் கையெழுத்தில் ஒரு கடிதம், இவ்வளவையும் அலுவலகத்தில் கொடுத்தேன். இப்போதுள்ள மேலாளர் நல்ல பிள்ளை, எனக்கு மரியாதை தருகிறவர். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஆறாவது வரைக்கும் போதுமே சார். ஏழாவது எதுக்கு? நீங்களும் ரிட்டயர்டு ஆயிட்டீங்க, சும்மா உங்க பேரு எதுக்குக் கெடணும்?” என்றார். இருக்கட்டும் என்றேன். அழுத்திச் சொன்னேனா என்றால், அழுத்திச் சொல்லவில்லை.

பழைய பழுது இயந்திரத்தின் மென்பொருளால் வந்தது என்றும், திரு. சங்கரலிங்கத்துக்கு அதில் பங்கில்லை என்றும் நிறுவனம் கடிதம் அனுப்பியது. மதினி போனில் எனக்கு அதை முழுக்கப் படித்துக் காட்டினார். சந்தைக்கு அதைக் கையில் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது கேட்டார்.

“ஏழாவதக் காணுமே அண்ணாச்சி?”

“அவுக எடுத்துட்டாக மதினி.”

“அப்ப ஒங்க ஊருக்கு, ஒங்க ஆளுகளுக்கு அது யாரு சொல்லுவா?”

அதனால்தான் இதை எழுதினேன். நாலைந்து அனுபவம் கேட்டார்கள், இந்த இரண்டைக் கொடுக்கிறேன். என் துடைக்கும் பழக்கத்தை யாராவது வைத்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். முதலில் நகல். பிறகுதான் மற்றதெல்லாம். நகல் எடுக்க மறந்து துடைத்துவிட்டால், துடைத்தேன் என்று சொல்லுங்கள். அன்றே, அந்த மேசையிலேயே சொல்லுங்கள்.

இதை உங்களுக்கு அனுப்புமுன் மதினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். அந்தப் பிரதியில், மாடியறையில் துடைத்தேன் என்று எழுதியிருந்தேனே தவிர, “லாக் காலியா இருக்கு மதினி” என்று சொன்னதை எழுதவில்லை. விட்டுப்போயிற்று என்று உங்களிடம் சொல்லலாம். விட்டுப்போகவில்லை, விட்டேன்.

தாள்களை மடித்து என் கையில் தந்தார் மதினி.

“எங்கிட்டயும் சொன்னியள்லா. அதையும் எழுதுங்க.”

வீட்டுக்கு வந்து எழுதிச் சேர்த்தேன்.